கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாசம் வந்தால் என்ன செய்வது

பெய்லர் என்று ஒரு எளிய கருவி உண்டு. ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் அடியில் ஒரு சிறிய பந்து வால்வு, மேலே ஒரு கயிறு, அவ்வளவுதான். அதைக் கண்காணிப்புக் கிணற்றுக்குள், அதாவது நிலத்தடி நீரைச் சோதிக்கவே போட்ட துளைக்கிணற்றுக்குள், மெதுவாக இறக்கி, அலுங்காமல் தூக்கி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். நிலத்தடி நீரில் மிதக்கும் பெட்ரோலை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அப்படித்தான். கீழே கலங்கலாகத் தண்ணீர், அதன்மேல் தேன் நிறத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு அடுக்கு. குழாயைச் சாய்த்தால் இரண்டும் சேர்ந்தே சாய்ந்தன, ஆனால் கலக்கவில்லை. நடுவில் கத்தியால் கோடு கிழித்த மாதிரி ஒரு விளிம்பு.

அங்கிருந்து அறுபது மீட்டர் தள்ளி ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா இரண்டு வருடமாகத் தன் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வயதானால் மூக்கு இப்படித்தான் ஏமாற்றும் என்று அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பெய்லரை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை.

அதன்பிறகு பதினெட்டு வருடங்களாக இதே வேலைதான். பூமிக்கு அடியில் புதைத்த எரிபொருள் டேங்க் கசிந்து நிலத்தடி நீர் கெட்டால், எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் பொறியாளருக்கும், பக்கத்தில் குடியிருப்பவருக்கும், டேங்குக்குப் பொறுப்பான உரிமையாளருக்கும் இது உதவ வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பணமும் வருடங்களும் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: மண்ணில் ஒட்டிக்கிடக்கும் எண்ணெயை விட்டுவிட்டுத் தண்ணீரையே இறைத்துச் சுத்தம் செய்துகொண்டிருப்பது.

முதல் நாள்

சந்தேகம் வந்த அந்த நிமிடமே, சுற்றியுள்ள கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆய்வகத்தின் முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேறு இடத்திலிருந்து தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சுப் பொருள் தண்ணீரை விட்டு வெளியேறி அடுப்படிக் காற்றில் கலக்கும், நாம் அதைச் சுவாசிப்போம். அந்தத் தண்ணீரைச் சூடாக்கி மூடிய குளியலறையில் குளிப்பதும் அதே கதைதான்.

வாசம் இல்லையே, அப்படியென்றால் பரவாயில்லை என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. பென்சீனின் ருசி நாக்குக்குத் தெரிய அதைப்போல ஐம்பது மடங்காவது இருக்க வேண்டும். இது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். இதைக் கண்டுபிடிக்க நாக்கையும் மூக்கையும் நம்ப முடியாது.

இரண்டாவது, தீ. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளம் தேடிப் போகும். நிலவறை, கழிவுநீர்த் தொட்டி, கேபிள் குழி, லிப்ட் குழி எல்லாவற்றையும் வாயு மீட்டரால் அளந்து பாருங்கள். காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பிடிக்கும். அந்த அளவில் பத்தில் ஒரு பங்கை மீட்டர் காட்டினாலே வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி, காற்றோட்டம் கொடுக்க வேண்டும். வாசம் வரும் நிலவறையில் விளக்கு சுவிட்சைத் தொடவே கூடாது, அணைப்பதற்காகக்கூட.

மூன்றாவது, கசிவை நிறுத்துவது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எங்கே கசிகிறது என்று தெரிந்தால்தானே நிறுத்த முடியும்? டேங்க் என்று சொன்னதும் எல்லோரும் துருப்பிடித்த இரும்பு டேங்கைத்தான் நினைக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் டேங்க் நன்றாகவே இருந்தது. டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் இணைப்பில், பம்பின் அடிக்குழியில், அல்லது லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வாயில்தான் கசிவு. அதனால் டேங்கைக் காலி செய்வதோடு நிறுத்தாமல், குழாய்களைத் தனித்தனியாக அழுத்தச் சோதனை செய்யுங்கள். கையிருப்புப் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள். அளவுகோலை விட்டு எடுத்த தினசரி அளவு, இறக்கிய லிட்டர், விற்ற லிட்டர் மூன்றையும் சேர்த்து வைத்தால் கசிவு எந்த மாதம் ஆரம்பித்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆவியாகிப் போயிருக்கும் என்று ஓரத்தில் எழுதி விட்டிருப்பார்கள். அந்தக் குறிப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

ஒரு நொடிக்கு ஒரு சொட்டு என்றால் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஒரு நாளைக்கு அது நாலு லிட்டருக்கு மேல், ஒரு வருடத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த இயந்திரத்தையும் வாங்கக் கூடாது. கசிந்த பெட்ரோல் முதலில் கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் வழியெல்லாம் மண்துகள்களின் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மாட்டிக்கொள்கிறது. நீர்மட்டத்தைத் தொட்டதும் நின்றுவிடும், ஏனென்றால் அது தண்ணீரைவிட லேசானது, அடர்த்தி சுமார் 0.74. அங்கே பக்கவாட்டில் பரவி மிதக்கும். மிதக்கும்போதே அதிலிருந்து பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும் தண்ணீரில் கரைந்து, நீரோட்டத்தின் திசையில் ஒரு வால் போல நீளும். மேலே, ஈரமில்லாத மண்ணின் இடுக்குகளில் ஆவியும் நிறையும்.

ஆக ஒரே பெட்ரோல் நாலு உருவத்தில் இருக்கிறது: மிதப்பது, மண்ணில் ஒட்டியது, கரைந்தது, ஆவி. எடையைப் பார்த்தால் கரைந்திருப்பது மிகச் சொற்பம். நாம் குடிப்பது அதைத்தான் என்பதால் எல்லோர் கண்ணும் அதன்மேல் இருக்கிறது. ஆனால் அந்த வாலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பது மிதப்பதும் ஒட்டியதும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்று வைத்துக்கொண்டால், சுமார் ஏழு கிராம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவை எட்ட, அந்த ஏழு கிராம் போதும் ஏழு லட்சம் லிட்டர் தண்ணீருக்கு. மிதக்கும் பெட்ரோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரில் பென்சீன் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை எளிதாகக் கரையும், அதாவது குடிநீர் அளவைப்போல இரண்டாயிரம் மடங்கு. இந்தத் தண்ணீரை இறைத்து எடுத்தால் புதுத் தண்ணீர் வரும், அதுவும் அதே எண்ணெயைத் தொட்டு அதே அளவு கெடும். இறைக்க இறைக்கத் தீராது.

எங்கே துளையிடுவது

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய குறைந்தது மூன்று கிணறு வேண்டும், அவையும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்து, முக்கோணம் போட்டுச் சரிவைக் கண்டுபிடிக்கலாம். தரை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் நிலத்தடி நீரும் ஓடும் என்று ஊகித்து ஏமாறாதீர்கள். பக்கத்தில் யாராவது பெரிய மோட்டார் போட்டு இறைத்தால் திசையே மாறிவிடும்.

கண்காணிப்புக் கிணற்றின் துளையிட்ட குழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஏறும் மட்டம், கோடையில் இறங்கும் மட்டம் இரண்டுமே அதற்குள் அடங்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் துளை வைத்துவிட்டால், மிதக்கும் பெட்ரோல் கிணற்றுக்குள் வராமல் வெளியே நிற்கும். கிணற்றைப் பார்த்துவிட்டு எண்ணெய் இல்லை என்று எழுதிவிடுவீர்கள். இப்படிப்பட்ட அறிக்கைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன், கோபம் வந்திருக்கிறது.

எண்ணெய் மிதக்கும் கிணற்றில் அளவெடுக்கும்போது ஒரு திருத்தம் செய்ய வேண்டும். எண்ணெயின் எடை தண்ணீரைக் கீழே அழுத்தியிருக்கும். 40 சென்டிமீட்டர் பெட்ரோல் இருந்தால் உண்மையான நீர்மட்டம், எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் மேலே இருக்கும் (40-ஐ 0.74-ஆல் பெருக்குங்கள்). இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் வரைபடத்தில் அம்புக்குறி தப்பான பக்கம் திரும்பிவிடும்.

எவ்வளவு தூரம் போயிருக்கும்? மண்ணின் நீர் கடத்தும் திறனைச் சரிவால் பெருக்கி, இடுக்குகளின் பங்கால் வகுத்தால் வேகம் கிடைக்கும். நாளுக்கு 10 மீட்டர் கடத்தும் மணல், ஆயிரத்துக்கு ஐந்து என்ற சரிவு, கால் பங்கு இடுக்கு என்றால் நாளுக்கு 20 சென்டிமீட்டர், வருடத்துக்கு 73 மீட்டர். தண்ணீர் போகும் வேகம் இது. பென்சீன் மண்ணில் கொஞ்சம் ஒட்டி ஒட்டிப் போவதாலும், நுண்ணுயிர்கள் அதைத் தின்பதாலும் அவ்வளவு தூரம் போகாது. கலிஃபோர்னியாவில் கசிந்த டேங்குகளை ஆராய்ந்து லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1995-ல் சொன்னது, பெரும்பாலான பென்சீன் வால்கள் சுமார் 75 மீட்டரைத் தாண்டுவதில்லை என்பதுதான். ஆறுதலான செய்தி. ஆனால் விரிசல் விழுந்த பாறையிலும் சுண்ணாம்புக் குகைகளிலும் இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது. அங்கே தண்ணீர் குழாயில் ஓடுகிற மாதிரி ஓடும்.

எம்டிபிஇ கலந்த பெட்ரோலுக்கும் செல்லாது. பெட்ரோல் நன்றாக எரிவதற்காகச் சேர்த்த இந்த ஈதர் தண்ணீரில் தாராளமாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களும் லேசில் தொடாது. 1996-ல் சான்டா மோனிகா நகரம் இதனால் தன் கிணறுகளை மூடி, குடிநீரில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. எந்தக் காலத்துப் பெட்ரோல் கசிந்தது என்று விசாரித்து, அந்தக் காலத்தில் அதில் என்னென்ன சேர்த்தார்களோ அதையெல்லாம் சோதிக்கச் சொல்லுங்கள். ஈயம் கலந்த காலத்து டேங்க் என்றால் ஈயத்தோடு கூடவே சேர்த்த எத்திலீன் டைபுரோமைடையும் பட்டியலில் சேருங்கள். எத்தனால் கலந்தது என்றால், நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பென்சீன் அதுவரை காத்திருக்கும். அதனால் வால் இன்னும் நீளும்.

மாதிரி எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீதி எல்லா முடிவும் இதன்மேல்தான் நிற்கிறது. கிணற்றில் தேங்கிய தண்ணீரை வேகமாக இறைத்துக் கலக்காமல், நிமிடத்துக்குக் கால் லிட்டர் போல மெதுவாக ஓடவிடுங்கள். வெப்பநிலை, கடத்துதிறன், ஆக்சிஜன் அளவுகள் மாறாமல் நிலைத்த பிறகு பிடியுங்கள். அமிலம் இட்ட 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிதான் இதற்கு. தண்ணீரைக் குப்பியின் உள்சுவரில் படும்படி வழியவிட்டு, விளிம்புக்கு மேலே குமிழ் போலத் தண்ணீர் திரண்டு நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். ஒரு காற்றுக்குமிழ் மேலே ஏறினால் அந்தக் குப்பி வேண்டாம், புதிதாக ஒன்றை எடுங்கள். பென்சீன் அந்தக் குமிழுக்குள் போய்விடும், ஆய்வகம் தண்ணீரை மட்டும்தான் அளக்கும். உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, 14 நாளுக்குள் சோதனை முடியும்படி அனுப்புங்கள். பம்பை ஓட்டும் ஜெனரேட்டரை, அதன் புகை கிணற்றுப் பக்கம் காற்றில் வராதபடி, தள்ளி வையுங்கள். வரும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட்ட கையோடு குப்பியைத் தொடாதீர்கள். ஆய்வகத்திலிருந்தே நிரப்பி வந்த ஒரு சுத்தமான குப்பி எல்லாவற்றோடும் பயணம் செய்யட்டும். அதிலும் பென்சீன் வந்தால் தவறு நம்முடைய பெட்டியில் என்று தெரிந்துவிடும்.

மிதக்கும் எண்ணெயை எடுப்பது

கிணற்றில் ஒரு சாண் பெட்ரோல் தெரிந்தால் சுற்றியுள்ள மண்ணிலும் ஒரு சாண் கனத்துக்குப் பெட்ரோல் நிற்கிறது என்று அர்த்தமில்லை. மண்ணில் அது இடுக்குகளில் ஒரு பங்காகத்தான் இருக்கும், அதுவும் தண்ணீரோடும் காற்றோடும் இடத்தைப் பகிர்ந்துகொண்டு. கிணறு என்பது வெறும் ஓட்டை, அதற்குள் எண்ணெய் வந்து தேங்கிக் கனமாகக் காட்டுகிறது. அதனால் கிணற்றுக் கனத்தை நிலப்பரப்போடு பெருக்கி இத்தனை ஆயிரம் லிட்டர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிணற்றை ஒருமுறை முழுக்க இறைத்துவிட்டு, எண்ணெய் எவ்வளவு நேரத்தில் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வந்தால் பம்பு போடலாம். ஒரு வாரம் ஆனால் உறிஞ்சும் துணிச்சுருளே போதும்.

பம்பு என்றால் மேல் அடுக்கை மட்டும் வழித்தெடுக்கும் ஸ்கிம்மர். இதில்தான் என் ஆரம்ப வருடங்களில் ஒரு பெரிய தவறு நடந்தது, நானும் அந்தக் குழுவில் இருந்தேன். எண்ணெய் வேகமாக வர வேண்டும் என்று, கீழே ஒரு தண்ணீர் பம்பையும் போட்டு நீர்மட்டத்தை மூன்று மீட்டர் இறக்கினோம். எண்ணெய் ஓடி வந்தது, முதல் வாரம் பீப்பாய் பீப்பாயாக நிறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தண்ணீர் இறங்கியபோது எண்ணெயும் கூடவே இறங்கி, அதுவரை சுத்தமாக இருந்த மூன்று மீட்டர் மணலையும் பூசிக்கொண்டே போயிருக்கிறது. பம்பை நிறுத்தியதும் தண்ணீர் ஏறி அந்த மணலை மூடிவிட்டது. பெய்லரில் எண்ணெய் இல்லை. வேலை முடிந்தது என்று பெட்டியைக் கட்டினோம். எட்டு மாதம் கழித்துக் கோடையில் நீர்மட்டம் இறங்கியபோது, அதே கிணற்றில் அதே தேன் நிற அடுக்கு. முன்னைவிட ஆழத்தில், தண்ணீருக்குள்ளேயே, காற்று போக முடியாத இடத்தில் எண்ணெயை நாங்களே கொண்டுபோய் வைத்திருந்தோம். அந்த இடத்தைச் சுத்தம் செய்ய அதன்பிறகு ஏழு வருடம் ஆனது.

நீர்மட்டத்தை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், அரை மீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லது நீர்மட்டம் இறங்கிய மண்ணில் வேக்யூம் கொடுத்து எண்ணெய், தண்ணீர், ஆவி மூன்றையும் ஒன்றாக உறிஞ்சும் முறையைக் கையாளுங்கள். தண்ணீர் இறங்கிக் காய்ந்த மண்ணிலிருந்து ஆவியும் கூடவே வந்துவிடும்.

மண்ணில் ஒட்டியது

டேங்கை வெளியே எடுக்கும்போது குழியின் அடியில் கறுத்து நாறும் மண் தெரியும். எட்டும் ஆழம் என்றால் தோண்டி எடுத்துவிடுங்கள். இதைப்போலப் பலன் தரும் செலவு வேறில்லை. ஒரு வாரத்தில் போகும் எண்ணெய், இயந்திரத்தால் போக ஐந்து வருடமாகும். குழிச் சுவர் சரியாமல் முட்டுக் கொடுங்கள், பக்கத்துக் கட்டடத்தின் அஸ்திவாரத்தைப் பாருங்கள், அள்ளிய மண்ணை மழை படாமல் மூடி அதற்குரிய இடத்துக்கு அனுப்புங்கள்.

தோண்ட முடியாத ஆழத்தில், மேலே கட்டடம் இருக்கும் இடத்தில், காற்றுதான் நம் ஆயுதம். நீர்மட்டத்துக்கு மேலே துளையிட்ட குழாய்களை இறக்கி ப்ளோயரால் உறிஞ்சினால், மண் இடுக்குகளில் காற்று ஓடி, பெட்ரோலை ஆவியாக்கி இழுத்துவரும். அந்த ஆவியை அப்படியே வெளியே விடக் கூடாது. ஆரம்பத்தில் அடர்த்தி அதிகம், எரித்துவிட வேண்டும். பிறகு குறைந்ததும், ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கார்பன் போதும். மணலிலும் சரளையிலும் இது அருமையாக வேலை செய்யும். களிமண்ணில் காற்று ஓடாது. டீசல் ஆவியாகாது. ஒரு சிக்கலும் உண்டு: உறிஞ்சும் குழாயில் 100 மில்லிபார் வேக்யூம் கொடுத்தால் அதே குழாயில் தண்ணீர் ஒரு மீட்டர் மேலே ஏறிவரும். நீர்மட்டம் ஆழமில்லாத இடத்தில் துளைகளையே அது மூடிவிடும். ப்ளோயர் சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே ஒன்றும் நடக்காது.

காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்த மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு இல்லாதது ஆக்சிஜன். ஒரு கிராம் பென்சீனைத் தின்று முடிக்க மூன்று கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு கனமீட்டர் தண்ணீரில் அதிகபட்சம் எட்டு, ஒன்பது கிராம் ஆக்சிஜன்தான் கரையும். ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 270 கிராம் இருக்கிறது. அதனால் டீசலுக்குக்கூட, மண்ணுக்குள் மெதுவாகக் காற்றை ஓடவிட்டாலே நுண்ணுயிர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பாட்டிலில் அடைத்த கிருமிகளை விற்க வருபவர்கள் உண்டு. நான் பார்த்தவரை பெட்ரோலுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

தண்ணீரில் கரைந்தது

மேலே சொன்ன இரண்டையும் செய்த பிறகு வாருங்கள் இந்த இடத்துக்கு. நீர்மட்டத்துக்குக் கீழே குழாய் இறக்கிக் காற்றை ஊதினால், குமிழ்கள் தண்ணீர் வழியே ஏறி பென்சீனைக் கூட்டிக்கொண்டு போகும். மேலே உறிஞ்சும் குழாய்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆவி யாருடைய வீட்டுக்குள் போகும் என்று சொல்ல முடியாது. மிதக்கும் எண்ணெய் இருக்கும் இடத்தில் ஊதக் கூடாது. இடையில் களிமண் அடுக்கு இருந்தால் காற்று அதன் அடியில் பதுங்கி எங்கோ தூரத்தில் வெளியேறும், அங்கேயும் கூடாது. தொடர்ந்து ஊதுவதைவிட சில மணி நேரம் ஊதி, சில மணி நேரம் நிறுத்தி ஊதினால் காற்று ஒரே வழியில் போகாமல் புதுப்புது வழியாகப் போகும்.

இறைத்துச் சுத்தம் செய்து விடுவதும் ஒரு முறைதான், அதற்கும் இடம் உண்டு. குடிநீர்க் கிணற்றை நோக்கி வால் நீண்டுகொண்டிருந்தால், இடையில் இறைத்து அதைத் தடுத்து நிறுத்தலாம். அணை கட்டுவது மாதிரி. ஆனால் அதுவே சுத்தம் செய்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இறைத்த தண்ணீரைக் கோபுரத்தில் மேலிருந்து வழியவிட்டு எதிரே காற்றடித்தால் பென்சீன் போய்விடும். எம்டிபிஇ அவ்வளவு எளிதில் போகாது, கார்பனிலும் நன்றாக ஒட்டாது. ஆக்சிஜன் தீர்ந்த நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருக்கும். காற்றுப் பட்டதும் அது செங்கல் நிறச் சேறாகிக் கோபுரத்தை அடைக்கும். கழுவி எடுக்க ஆளும் நேரமும் முதலிலேயே ஒதுக்கிவையுங்கள்.

ரசாயனத்தை மண்ணுக்குள் செலுத்தி எண்ணெயை எரித்துவிடும் முறையில் பெர்சல்பேட்டும், இரும்பு சேர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடும் பென்சீனைத் தாக்கும். பெர்மாங்கனேட் பென்சீனை அநேகமாகத் தொடவே தொடாது, ஆனாலும் விற்கிறார்கள். பெராக்சைடு சூட்டையும் வாயுவையும் கிளப்பும். மிதக்கும் பெட்ரோல் இருக்கும் இடத்தில் அதைச் செலுத்துவது தீயோடு விளையாடுவது.

மிதந்த எண்ணெயும் ஒட்டிய எண்ணெயும் போன பிறகு, வால் சுருங்கிக்கொண்டிருக்கிறது, பாதையில் யாருடைய கிணறும் இல்லை என்றால், நுண்ணுயிர்களிடமே விட்டுவிட்டு அளந்துகொண்டிருக்கலாம். அவை தின்கின்றன என்பதற்குத் தடயம் உண்டு. வாலின் நடுவில் ஆக்சிஜன், நைட்ரேட், சல்பேட் குறைந்திருக்கும். கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருக்கும். இந்த அளவுகள் இல்லாமல் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை செய்யாமல் இருப்பதற்கு இன்னொரு பெயர்.

எப்போது நிறுத்துவது

எண்கள் இறங்கி அளவுக்குள் வந்ததும் எல்லா இயந்திரங்களையும் அணைத்துவிட்டு, உடனே கிளம்பாமல் காத்திருங்கள். களிமண் துண்டுகளுக்குள் புகுந்த பென்சீன் மெல்ல வெளியே வரும், எண்கள் திரும்ப ஏறும். எல்லா இடத்திலும் கொஞ்சமாவது ஏறும். எவ்வளவு ஏறி எங்கே நிற்கிறது என்பதே உண்மையான நிலவரம். குறைந்தது ஒரு முழு வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நீர்மட்டம் மிக ஏறியபோதும் மிக இறங்கியபோதும் அளக்கும்படி பாருங்கள். ஒரே ஒரு நல்ல அளவை வைத்து யாருக்கும் நல்ல செய்தி சொல்லாதீர்கள். அந்த அம்மாவின் கிணற்றில் மூன்றாம் வருடமே ஒரு குப்பி சுத்தமாக வந்தது. நான் சொல்லவில்லை. அடுத்த முறை பென்சீன் லிட்டருக்கு 38 மைக்ரோகிராம் வந்தது. தொடர்ந்து எட்டு முறை 10-க்குக் கீழே வந்த பிறகுதான் போய்ச் சொன்னேன், தாள்களை எல்லாம் கையில் கொடுத்து, ஒவ்வொரு எண்ணையும் காட்டி.

குடியிருப்பவர்களிடம் அளவுகளை அப்படியே கொடுங்கள், புரியும்படி உட்கார்ந்து சொல்லுங்கள். அவர்கள் உடம்புக்குள் போன தண்ணீர் அது, கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

கடைசி வேலை கிணறுகளை மூடுவது. பெரும்பாலான இடங்களில் இதை அரைகுறையாகச் செய்கிறார்கள். கைவிட்ட கண்காணிப்புக் கிணறு என்பது தரையிலிருந்து நேராக நிலத்தடி நீருக்குப் போகும் குழாய். மேலே யாராவது எண்ணெய் கொட்டினால் ஒரு நிமிடத்தில் கீழே போய்விடும். மூடியைப் போட்டு மேலே சிமெண்ட் பூசினால் போதாது. ஒரு சிறு குழாயை அடிவரை இறக்கி, பெண்டோனைட் என்ற, ஈரத்தில் உப்பும் களிமண் கலந்த சிமெண்ட் குழம்பை அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்பிக்கொண்டே வாருங்கள், உள்ளேயிருக்கும் தண்ணீர் முழுக்க மேலே வழிந்து, குழம்பே விளிம்புக்கு வரும்வரை. மறுநாள் போய்ப் பாருங்கள், கொஞ்சம் அமுங்கியிருக்கும். அதையும் நிரப்பிவிட்டு, எந்தக் கிணறு எந்த இடத்தில், எத்தனை மீட்டர் ஆழத்தில் இருந்தது, எந்தத் தேதியில் மூடினோம் என்று வரைபடத்தில் குறித்து நில ஆவணங்களோடு சேர்த்துவையுங்கள்.